பில் எம்மட்: டோக்கியோ நிருபரிலிருந்து எகனாமிஸ்ட் ஆசிரியர் வரை

கேட்கப்பட்ட கேள்வி இது: தி எகனாமிஸ்ட் வார இதழின் முன்னாள் ஆசிரியர் பில் எம்மட் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்? உலக விவகார இதழ் ஒன்றின் ஆசிரியர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார்? அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்கள் அவருடைய வாழ்க்கையில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் எப்போதும் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஆசிரியர் ஆவதற்குக் காரணம் நடை அழகு இல்லை. ஒரு விஷயத்தை அடிவரை படித்துவிட்டு, எல்லாத் தகவலும் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே, "இதுதான் எங்கள் முடிவு" என்று அச்சில் சொல்லும் துணிவு; அது தவறிப்போனால் அதே அச்சில் ஒப்புக்கொள்ளும் நேர்மை. எம்மட்டின் வாழ்க்கையில் இந்த இரண்டும் தேதியோடு பார்க்கக் கிடைக்கின்றன. அதனால்தான் இதைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவரை நல்ல பாடமாக நினைக்கிறேன்.

முதலில் அடிப்படை விவரங்கள். 1956இல் பிறந்தவர். லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் உள்ள லாட்டிமர் அப்பர் பள்ளியில் படித்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு மாக்டலன் கல்லூரியில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த பட்டம். பிரிட்டிஷ் அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் கூட்டமாகப் படித்த பட்டம் அது. அடுத்து நஃப்ஃபீல்டு கல்லூரியில் ஆய்வு மாணவர். எடுத்துக்கொண்ட தலைப்பு, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயிலும் அதை அடுத்தும், 1944 முதல் 1947 வரை, பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் பங்கு வகித்த காலம். ஆய்வை முடிக்காமலே 1980இல் எகனாமிஸ்ட்டின் பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார்.

உள்ளூர் பத்திரிகையில் விபத்துச் செய்தி எழுதி, சுருக்கெழுத்து பழகி, நகராட்சிக் கூட்டங்களுக்குப் போய் மேலே வருவது பிரிட்டனில் நெடுங்காலம் வழக்கமான பாதை. எம்மட் அந்த வழியில் வரவில்லை. ஆய்வு மாணவராக இருந்து நேரே ஒரு வெளிநாட்டு அலுவலகத்துக்குப் போனவர். எகனாமிஸ்ட் இப்படி ஆள் எடுப்பது புதிதில்லை. ஒரு நாட்டையோ ஒரு பொருளையோ ஆழமாகப் படித்த இளைஞரை எடுத்து எழுத்தை அலுவலகத்திலேயே பழக்குவது அவர்கள் பாணி. இதில் ஒரு அபாயமும் உண்டு: செய்தியைத் தெருவில் தேடிப் பழகாதவர்கள் அறிக்கைகளையும் பொருளாதார அட்டவணைகளையும் மட்டுமே நம்பத் தொடங்குவார்கள். அந்த அபாயம் பின்னால் எப்படித் தலைகாட்டியது என்பதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்து பிரஸ்ஸல்ஸ் மிகக் கடினமான பயிற்சிக்கூடம். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பிய சமூகம் அங்கிருந்துதான் இயங்கியது. 1981 ஜனவரியில் கிரீஸ் அதில் சேர்ந்தது. பிரிட்டன் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிரதமர் மார்கரெட் தாட்சர் வருடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சமூகத்தின் பட்ஜெட்டில் பாதிக்கும் மேல் விவசாய மானியத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே இருக்கும் நிருபருக்கு வரும் காகிதங்களில் சுவாரஸ்யம் துளியும் இருக்காது. பால் கொள்முதல் விலை, வெண்ணெய்க் கையிருப்பு, மீன்பிடி ஒதுக்கீடு என்றுதான் வரும். அதில் யாருக்கு லாபம், யார் தலையில் சுமை என்று கண்டுபிடித்து எழுநூறு சொல்லில் சொல்லத் தெரிந்துவிட்டால், பிறகு எந்த நாட்டு பட்ஜெட்டையும் படித்துவிடலாம்.

1982இல் லண்டனில் பொருளாதார நிருபர். 1983இல் டோக்கியோ, ஜப்பானும் தென்கொரியாவும் அவர் பொறுப்பு. அவரை அவராக ஆக்கியது இந்த மூன்று ஆண்டுகள்தான்.

டோக்கியோவில் அப்போது நடந்ததைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி டாலர் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் ஒரு டாலருக்கு சுமார் 240 யென். அடுத்த ஆண்டு கோடையில் 160க்கு அருகில் வந்துவிட்டது. ஏற்றுமதியாளர்கள் அலறினார்கள். தொழில் நசிந்துவிடுமோ என்று பயந்து ஜப்பான் மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. மலிவான பணம் நிலத்துக்கும் பங்குச்சந்தைக்கும் போனது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, ஜப்பான் உலகத்தையே விலைக்கு வாங்குவதுபோலத் தெரிந்தது. 1989இல் சோனி கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. மிட்சுபிஷி எஸ்டேட் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் பெரும்பங்கை வாங்கியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புத்தகக் கடை முழுக்க "ஜப்பான் வருகிறது, ஓடுங்கள்" என்ற தொனியில் புத்தகங்கள்.

எம்மட் 1986இல் லண்டன் திரும்பி நிதிப் பகுதி ஆசிரியரானார். 1989இல் வணிகம், நிதி, அறிவியல் பக்கங்கள் எல்லாம் அவர் மேற்பார்வைக்கு வந்தன. அதே ஆண்டு "சூரியன் மறையவும் செய்கிறது" என்று பொருள்படும் தலைப்பில் ஜப்பானைப் பற்றிய புத்தகம் வெளியிட்டார். ஊரே ஒரு பக்கம் ஓடும்போது எதிர்ப்பக்கம் நின்று அவர் சொன்னது இதுதான்: இந்தப் பணப் பெருக்கம் நிலைக்காது. ஜப்பானியர்கள் செலவழிக்கப் பழகுவார்கள், முதியோர் பெருகுவார்கள், சேமிப்பு கரையும், வெளிநாட்டு வர்த்தக உபரி சுருங்கும், நில விலையும் பங்கு விலையும் ஊதிப் பெருத்தவை. 1989 டிசம்பர் 29 அன்று ஜப்பான் பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. அடுத்த ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. புத்தகம் ஜப்பானிலேயே பெருவாரியாக விற்றது.

இதை அப்படியே "தீர்க்கதரிசி" என்று சொல்லிவிட்டுப் போவது சரியாகாது. அவர் கணிப்பில் ஒரு பகுதி பலித்தது, ஒரு பகுதி பலிக்கவில்லை. ஊதிப் பெருத்த நில, பங்கு விலைக் குமிழி வெடிக்கும் என்பது நடந்தது. வர்த்தக உபரி கரைந்துவிடும் என்பது அவர் நினைத்த மாதிரி நடக்கவில்லை. 1990களிலும் ஜப்பான் உபரியோடுதான் இருந்தது, ஏனென்றால் பயந்துபோன மக்கள் செலவழிக்காமல் சேமித்தார்கள். கணிப்பு எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். போகும் திசை சரியாக இருக்கும், காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி தவறாக இருக்கும். ஒரு கணிப்பை எழுதும்போது "எந்தக் கண்ணி அறுந்தால் இது விழும்?" என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது பெரிய உதவி.

1993இல் ஆசிரியர் பதவி காலியானது. ரூபர்ட் பென்னன்ட்-ரியா இங்கிலாந்து மத்திய வங்கியின் துணை ஆளுநராகப் போனார். 36 வயதில் எம்மட் அந்த இடத்துக்கு வந்தார். பிரஸ்ஸல்ஸில் சேர்ந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் 13 ஆண்டுகள். ஆசிரியராக இருந்ததும் 13 ஆண்டுகள், 2006 மார்ச் வரை.

அந்த நியமனம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். பத்திரிகையின் பாதிப் பங்கு அப்போது ஃபைனான்ஷியல் டைம்ஸ் குழுமத்திடம், அதாவது பியர்சன் நிறுவனத்திடம் இருந்தது. 2015இல்தான் அதை விற்றார்கள். ஆனால் பங்கு வைத்திருப்பதால் ஆசிரியருக்கு உத்தரவு போட முடியாது. நான்கு சுயேச்சையான அறங்காவலர்கள் இருக்கிறார்கள். ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ அவர்கள் சம்மதம் வேண்டும். எம்மட்டின் முன்னும் பின்னும் ஆசிரியரானவர்களைப் பாருங்கள். பென்னன்ட்-ரியா, எம்மட், ஜான் மிக்கிள்த்வெய்ட், 2015 முதல் ஆசிரியராக இருக்கும், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணான ஜானி மின்டன் பெடோஸ் எல்லோரும் அலுவலகத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள். ஆகவே இந்த மாதிரி இதழில் ஆசிரியர் ஆக நினைக்கிறவருக்கு முதல் விதி, உள்ளே போய் நீண்ட நாள் இருப்பது. அதுவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. வெளிநாடு, தலைமை அலுவலகம், ஒரு பகுதியின் பொறுப்பு, பல பகுதிகளின் பொறுப்பு என்று ஏறி வர வேண்டும். எம்மட்டின் ஏணிப்படிகள் அதே வரிசையில் இருப்பது தற்செயல் இல்லை.

இந்த இதழ் 1843 செப்டம்பரில் ஜேம்ஸ் வில்சன் தொடங்கியது. இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏற்றி வைத்திருந்த சட்டங்களை எதிர்க்கவே தொடங்கினார். நமக்கு அந்தப் பெயர் வேறு விதத்திலும் தெரிந்திருக்க வேண்டும்: 1860இல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்து, வருமான வரியைக் கொண்டுவந்தவர் இதே வில்சன்தான். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கல்கத்தாவில் இறந்தார். கட்டற்ற வர்த்தகம், தனிமனித சுதந்திரம் என்ற அவருடைய கொள்கை இன்றும் இதழின் முதுகெலும்பு. ஆசிரியர் மாறினாலும் அது மாறாது. புது ஆசிரியர் கையில் இருப்பது, அந்தக் கொள்கையை இந்த வாரத்துச் சிக்கலுக்கு எப்படிப் பொருத்துவது என்ற முடிவு மட்டும்.

வாரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் ஆசிரியர் வேலை புரியும். எம்மட் காலத்தில் அலுவலகம் லண்டன் செயின்ட் ஜேம்ஸஸ் தெருவில், 1964இல் கட்டி முடித்த கோபுரத்தில் இருந்தது. திங்கள் காலை 13ஆம் மாடியில் ஆசிரியர் அறையில் கூட்டம். நாற்காலி பற்றாமல் தரையிலும் ஜன்னல் திண்டிலும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாரத் தலையங்கங்கள் எவை, என்ன நிலைப்பாடு, யார் எழுதுவது என்று எல்லோரும் வாதாடுவார்கள். நேற்றுச் சேர்ந்தவரும் ஆசிரியரை மறுத்துப் பேசலாம். வாக்கெடுப்பு கிடையாது. கேட்டுவிட்டு ஆசிரியர் முடிவெடுப்பார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் எழுதுவது, திருத்துவது. வியாழன் கடைசிப் பக்கங்கள் மூடப்பட்டு அச்சுக்குப் போகும். வெள்ளி கடைக்கு வரும். அட்டையில் சனிக்கிழமைத் தேதி இருக்கும். இத்தனைக்கும் அவர்கள் தங்களை வார இதழ் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள், "செய்தித்தாள்" என்றே சொல்வார்கள்.

கட்டுரையில் எழுதியவர் பெயர் இருக்காது. இது வெறும் பழைய சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆசிரியரின் அதிகாரமே அங்கேதான் இருக்கிறது. பெயர் போட்ட கட்டுரை என்றால் கருத்து எழுதியவருடையது. ஆசிரியர் ஒற்றுப்பிழை பார்த்துவிட்டு விடலாம். பெயர் இல்லாத கட்டுரை இதழின் குரலில் பேசுகிறது. எனவே பகுதி ஆசிரியர் நிருபரின் பத்தியைத் தூக்கி முன்னால் போடலாம், மூன்றாவது பத்தியை வெட்டி எறியலாம், முடிவைக்கூட மாற்றி எழுதலாம். நிருபர் கொதித்துப் போவார். அதைச் சமாளிப்பதும் வேலையில் சேர்த்தி. வெட்டும்போது பெரும்பாலும் நடக்கும் கெடுதல், தகவல் நின்றுவிட்டு அதன் நிபந்தனை போய்விடுவது. "மழை பொய்த்தால் விலை ஏறும்" என்று நிருபர் எழுதியது, நான்கு சொல் குறைக்கப் போய் "விலை ஏறும்" என்று ஆகிவிடும். நல்ல திருத்துநர் "மழை பொய்த்தால்" என்பதை விட்டுவைத்து வேறு எங்காவது வெட்டுவார்.

பதவி விலகும் ஆசிரியர் கடைசி இதழில் தன் பெயர் போட்டு ஒரு விடைபெறல் கட்டுரை எழுதலாம். எம்மட்டும் 2006 மார்ச் கடைசியில் எழுதினார்.

இப்போது முடிவுகளுக்கு வருகிறேன். அவர் ஆட்சியில் வந்த அட்டைகளைப் பார்த்தாலே மனிதர் தெரிகிறார். 1994 அக்டோபரில், பிரிட்டிஷ் முடியாட்சியின் காலம் முடிந்துவிட்டது என்று லண்டனிலேயே உட்கார்ந்துகொண்டு தலையங்கம். 1996 ஜனவரியில், ஒருபால் திருமணத்தை அனுமதிக்கச் சொல்லும் அட்டை. உலகில் எந்த நாடும் அதைச் சட்டமாக்கியிராத காலம் அது. நெதர்லாந்து செய்தது 2001இல். 1998 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் கிளிண்டனைப் பதவி விலகச் சொன்ன அட்டை. இந்த மூன்றிலும் வாசகர்களில் பாதிப் பேர் கோபப்படுவார்கள் என்று தெரிந்தே செய்திருக்கிறார்.

தவறிய கதையை விரிவாகச் சொல்ல வேண்டும், கற்பதற்கு அதுவே அதிகம். 1999 மார்ச் 6 தேதியிட்ட இதழின் அட்டை, உலகம் எண்ணெயில் மூழ்குகிறது என்றது. கச்சா எண்ணெய் அப்போது பீப்பாய்க்கு 10 டாலர் சுமார். அது 5 டாலருக்கும் போகலாம் என்று தலையங்கம் வாதிட்டது. தர்க்கம் காகிதத்தில் மிக ஒழுங்காக இருந்தது: ஆசிய நிதி நெருக்கடியால் தேவை சரிந்திருக்கிறது, தொழில்நுட்பத்தால் எடுக்கும் செலவு குறைகிறது, உலகிலேயே மலிவாக எண்ணெய் எடுக்கும் சவுதி அரேபியா குழாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தாங்க மாட்டார்கள். சரியாக 17 நாள் கழித்து, மார்ச் 23 அன்று வியன்னாவில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் கூடி நாளொன்றுக்கு 17 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்க முடிவெடுத்தது. ஆண்டு முடிவில் விலை 25 டாலரைத் தொட்டது.

எங்கே தவறியது? குழாயைத் திறக்க முடியும் என்பது உண்மை. திறப்பார்களா என்பது வேறு கேள்வி. அரசு நடத்தப் பணம் இல்லாமல் தவிக்கும் நாடுகள் ஒரு மேசைக்கு வரும் என்பது அட்டவணையில் தெரியாது. அதை ரியாத், கராகஸ், டெஹ்ரானில் ஆட்களோடு பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெனிசுவேலாவில் அப்போதுதான் ஹ்யூகோ சாவேஸ் பதவியேற்றிருந்தார், அந்த நாட்டு எண்ணெய்க் கொள்கையே திரும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு காரணம் எல்லாப் பத்திரிகைக்கும் பொருந்தும். ஒரு போக்கு அட்டைக்கு வரும் அளவுக்குப் பழகிப்போகும்போது, அது பெரும்பாலும் முடியும் கட்டத்தில் இருக்கும். பத்து டாலர் எண்ணெய் என்பதே, அதை ஏற்றிவிட எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் விலை. அதே ஆண்டு டிசம்பரில் இதழ் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. வாசகர் கடிதப் பகுதியின் மூலையில் நாலு வரித் திருத்தமாக முடித்துக்கொள்ளவில்லை. ஏன் தவறினோம் என்று ஆராய்ந்து எழுதினார்கள். எம்மட்டின் மேல் எனக்குள்ள மரியாதையில் பெரும்பகுதி இதனால் வந்தது.

அடுத்தது இத்தாலி. 2001 மே 13 அன்று அங்கே தேர்தல். ஏப்ரல் 28 தேதியிட்ட இதழின் அட்டையில், சில்வியோ பெர்லுஸ்கோனி இத்தாலியை ஆளத் தகுதியற்றவர் ஏன் என்று கேள்வியும் பதிலும் சேர்ந்த தலைப்பு. மூன்று தேசியத் தொலைக்காட்சி அலைவரிசைகளை வைத்திருப்பவர் பிரதமரானால், அரசுத் தொலைக்காட்சியும் அவர் கைக்குப் போகும். நாட்டின் தொலைக்காட்சி ஏறக்குறைய முழுக்க ஒரே ஆளிடம் இருக்கும். அதோடு அவர் மேல் நடந்த நீதிமன்ற விசாரணைகளின் நீண்ட பட்டியல். இது திங்கள் கூட்டத்தில் யோசித்து வியாழன் அச்சிடும் சரக்கு இல்லை. நிறுவனக் கணக்குகள், நீதிமன்ற ஆவணங்கள் என்று காகிதம் காகிதமாகச் சேர்த்த புலனாய்வு.

இப்படி ஒன்றை அச்சிடும் முன் எந்த ஆசிரியரும் பார்க்க வேண்டியவை சில. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே அதன் ஆவணம், தேதி, பக்க எண் இருக்க வேண்டும். "விசாரணை", "குற்றச்சாட்டு", "தண்டனை", "மேல்முறையீட்டில் விடுதலை", "காலக்கெடு கடந்ததால் கைவிடப்பட்டது" என்ற ஐந்தும் வெவ்வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று விழுந்தால் மொத்த வழக்கும் தோற்கும். சம்பந்தப்பட்டவருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல நேரம் கொடுத்து, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் கடைசி வடிவத்தைப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு தலைப்பைக்கூட மாற்றக் கூடாது. இங்கிலாந்துச் சட்டத்தில் எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு பத்திரிகையின் தலையில்தான். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கட்டுரையால் இல்லை, கட்டுரை சொல்லாததைச் சொல்லிவிடும் தலைப்பாலும் படத்தின் கீழே போடும் வரியாலும்.

பெர்லுஸ்கோனி அவதூறு வழக்குப் போட்டார். தேர்தலிலும் வென்றார். 2003இல் எகனாமிஸ்ட் மறுபடியும் அவரை நோக்கி நேரடியாகக் கேள்விகளை அடுக்கி ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டது. முதல் வழக்கு ஏழு ஆண்டு இழுத்து, 2008 செப்டம்பரில் மிலான் நீதிமன்றம் அவர் கோரிக்கைகளை நிராகரித்து, செலவையும் அவரே கட்டச் சொன்னது. எம்மட் அப்போது ஆசிரியர் பதவியில்கூட இல்லை. அந்த அட்டை ஓட்டுகளை மாற்றவில்லை, ஒரு வெளிநாட்டு இதழ் சொல்வதைக் கேட்டு யாரும் ஓட்டுப் போடுவதும் இல்லை. ஆனால் இத்தாலியில் அந்தக் கேள்விகளைக் கேட்கத் துணிந்தவர்களுக்கு அது பிடிமானமாக இருந்தது.

ஈராக்கைத் தாண்டிப் போக முடியாது. 2003 படையெடுப்பை இதழ் ஆதரித்தது. பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று உளவுத்துறைகள் சொன்னதை நம்பியது. ஆயுதம் கிடைக்கவில்லை. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளிவந்த பிறகு, 2004 மே மாதம் தலையில் முக்காடு போட்டு நிறுத்தப்பட்ட கைதியின் படத்தை அட்டையில் போட்டு, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலக வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புஷ்ஷை விட்டு கெர்ரியை ஆதரித்தார்கள். 2000இல் புஷ்ஷை ஆதரித்த அதே இதழ். எம்மட் விடைபெறும்போதும் போரை ஆதரித்த முடிவைக் கைவிடவில்லை. போரை நடத்திய விதத்தைத்தான் சாடினார். என் பார்வையில் அவருடைய ஆசிரியர் வாழ்வின் பெரிய தவறு இது. எண்ணெய்க் கட்டுரையை ஆராய்ந்த அதே கடுமையோடு இதை ஆராய்ந்திருக்க வேண்டும். எண்ணெய்க் கணிப்பு தவறினால் முதலீட்டாளர் பணம் போகும். போர் கணிப்பு தவறினால் போவது உயிர்.

வியாபாரப் பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அவர் வரும்போது ஐந்து லட்சமாக இருந்த விற்பனை, போகும்போது பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. வாசகர்களில் பெரும் பங்கு வட அமெரிக்காவில். 2001இல் முழு வண்ணத்துக்கு மாறினார்கள்.

பதவிக்குப் பிறகும் அவர் நிருபர் வேலையை விடவில்லை. 2005இலேயே, ஆசிரியராக இருக்கும்போதே, ஜப்பானுக்குப் போய் அது மறுபடி எழுகிறது என்று ஒரு நீண்ட சிறப்பு இணைப்பு எழுதினார். 1989 புத்தகத்துக்குத் தானே எழுதிய மறுபக்கம் அது. 2008இல் சீனா, இந்தியா, ஜப்பான் மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடுவது பற்றிய புத்தகம். பிறகு இத்தாலியின் சரிவைப் பற்றி ஓர் ஆவணப்படம், லண்டனில் உள்ள பன்னாட்டு உத்தி ஆய்வு நிறுவனத்தின் அறங்காவலர் குழுத் தலைமை. அவர் எழுதும் நாடுகளைப் பாருங்கள்: ஜப்பான், இத்தாலி, மறுபடி ஜப்பான். உலக விவகாரம் எழுதுகிறவர் உலகம் முழுவதையும் எழுதுவதில்லை. இரண்டு நாட்டை நாற்பது வருடம் விடாமல் பார்க்கிறார், மற்றதை அவற்றோடு ஒப்பிட்டு அளக்கிறார்.

எல்லா உலக விவகார இதழும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் உள்ள பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸ் 1945 முதல் வெளியிடும் "தி வேர்ல்ட் டுடே" போன்றவற்றில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள்: பேராசிரியர்கள், முன்னாள் தூதர்கள், ஆய்வாளர்கள். கட்டுரையில் அவர்கள் பெயர் இருக்கும். அங்கே ஆசிரியரின் முக்கிய வேலை கட்டுரை கேட்டு வாங்குவது. யாரிடம், எந்தக் கேள்விக்கு, எத்தனை சொல்லில், எந்தத் தேதிக்குள் என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே எழுதாவிட்டால், 1,200 சொல் கேட்ட இடத்தில் 4,000 சொல்லும் 60 அடிக்குறிப்பும் வந்து நிற்கும். பேராசிரியரிடம் "இந்தோனேசியா பற்றி எழுதுங்கள்" என்று கேட்கக் கூடாது. "ஜகார்த்தாவிலிருந்து தலைநகரை மாற்றுவதால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்க வேண்டும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கிறவர்கள் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மத்திய வங்கி அறிக்கை, பட்ஜெட் உரை, பன்னாட்டு நிதியத்தின் ஆண்டு ஆய்வு மூன்றையும் படியுங்கள். நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (நாட்டுக்கு வரும் வெளிநாட்டு வருமானத்தைவிட வெளியே போவது எவ்வளவு அதிகம் என்பது), வெளிநாட்டுக் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும், அடுத்த ஆண்டு கட்ட வேண்டிய கடன் என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். இலங்கை 2022இல் எங்கே போகிறது என்பதை இந்த மூன்று எண்களைப் பார்த்தே பலர் முன்கூட்டிச் சொன்னார்கள். பிறகு ஒரு தலையங்கம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் 700 சொல் என்றால் தமிழில் 500 சொல் சுமார் வரும், நம் சொற்கள் வேற்றுமை உருபையும் இடைச்சொல்லையும் தன்னோடு ஒட்டிக்கொண்டு வருவதால். முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை, அவர்களே படித்தால் "ஆமாம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். கடைசியில் யார் என்ன செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடியும் தலையங்கம் தலையங்கமே இல்லை. எந்த அமைச்சகம், எந்த வரி, எவ்வளவு, எப்போது என்று இருக்க வேண்டும்.

எழுதியதைத் தேதி போட்டு வைத்து, ஒரு வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். அதற்கு மாதிரி வேண்டுமென்றால், நூலகத்தில் 1999 மார்ச் 6 எகனாமிஸ்ட்டையும் அதே ஆண்டு டிசம்பர் இதழில் வந்த ஒப்புதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலில் மார்ச் இதழை மட்டும், விலை பிறகு என்ன ஆனது என்பதை மறந்துவிட்டுப் படியுங்கள். தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று பென்சிலில் குறித்துவிட்டு, அதற்கப்புறம் டிசம்பர் இதழைத் திறங்கள்.